தைலவண்ண உருவப்படம்: தொடக்கநிலை உத்திகள்

தைலவண்ண உருவப்படம் என்பது ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகத்தை, பார்த்ததும் இன்னார் என்று அடையாளம் தெரியும்படி, எண்ணெயில் குழைத்த வண்ணங்களால் தீட்டும் ஓவியம். தத்ரூபம் என்றதும் தோலின் துளையும் புருவத்தின் ஒவ்வொரு முடியும் பலர் நினைவுக்கு வரும். ஆனால் தெருக்கோடியில் நடந்து வருபவரின் கண்ணும் மூக்கும் புலப்படாத தொலைவிலேயே அவர் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலையின் வடிவம், அது கழுத்தின்மேல் சாய்ந்திருக்கும் கோணம், கண்குழியிலும் மூக்கடியிலும் விழும் நிழல் ஆகியவை அதற்குள் ஜாடையைச் சொல்லிவிடுகின்றன. உருவப்படத்தின் தொடக்க வேலை முழுவதும் இவற்றைச் சரியான இடத்தில் வைப்பதே. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரு கண்ணை மட்டும் முழுதாக வரைந்து முடித்து, அதைச் சுற்றி முகத்தை வளர்க்கப் பார்க்கிறார்கள். படம் கெடுவது அங்கேதான்.

மரபு

இன்று பயிற்சிக்கூடங்களில் கற்பிக்கப்படும் முறைகள் இரண்டு மரபுகளிலிருந்து வருகின்றன. ஒன்று, அடிப்பூச்சின்மேல் மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது. யான் வான் எய்க் 1433-இல் தீட்டிய, சிவப்புத் தலைத்துணி கட்டிய மனிதரின் சிறிய படம் இதற்குப் பழைய, இன்றும் வியப்பூட்டும் சான்று. அது லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. மற்றொன்று, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே சரியான டோனை, அதாவது ஒளி-இருள் அளவை, சரியான இடத்தில் வைத்து, நேரடியாகத் தீட்டி முடிப்பது. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்க்வெஸை வழிகாட்டியாகக் கொண்ட பாரிஸ் ஓவியர் கரோலஸ்-டுரான் தம் மாணவர்களை இவ்வழியில் பழக்கினார். முதலில் ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட அரைநிழலைக் கண்டுபிடி, ஒளியையும் இருளையும் அதனோடு ஒப்பிட்டு வை என்பது அவரது பாடத்தின் சாரம். 1874-இல் அவரிடம் சேர்ந்த ஜான் சிங்கர் சார்ஜென்ட் அந்தப் பாடத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார்.

தூரிகை எடுக்குமுன் கண்ணைப் பழக்குவதற்கு அக்காலப் பாரிஸில் ஒரு பாடத்திட்டமும் உருவானது. சார்ல் பார்க், ஜெரோம் என்னும் ஓவியரின் துணையுடன் 1866 முதல் 1871 வரை வெளியிட்ட வரைபடத் தாள்களை மாணவர்கள் அப்படியே பார்த்து வரைந்தார்கள். வான்கோவும் அவற்றை வரைந்து பழகியவர்தான். அத்தாள்களின் முதல் நிலை முழுக்க நேர்கோடுகளால் ஆனது. கோணம் சரியான பிறகே வளைவு வரும்.

தென்னிந்தியாவில் இக்கலை அரண்மனைகள் வழியாகவும் கலைப்பள்ளிகள் வழியாகவும் வேர்கொண்டது. திருவிதாங்கூர் அரசவையில் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயுடு தைலவண்ண உருவப்படங்கள் தீட்டினார். இளம் ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர அவர் முன்வரவில்லை. 1868-இல் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் தீட்டும்போது அருகிலிருந்து பார்க்க மட்டும் ரவி வர்மாவை அனுமதித்தார். அப்படிப் பார்த்துக் கற்றவர் 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றார். சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. நம் காலத்தில், கும்பகோணத்தில் பயின்ற எஸ். இளையராஜா (1979–2021), கிராமத்து வீடுகளின் சன்னலிலும் வாசலிலும் நுழையும் ஒளியில் தமிழ்ப் பெண்களைத் தீட்டினார்; அந்தப் படங்கள் வார இதழ்கள் வழியே ஓவியம் பற்றி அறியாத வாசகர்களையும் சென்றடைந்தன. மாநிறத்தையும் கறுப்பையும் அவற்றின் முழு அழகோடு தைலவண்ணத்தில் காட்ட முடியும் என்பதற்கு அவர் படங்களைவிட நல்ல பாடம் தமிழ் மாணவருக்கு இல்லை.

ஒளி

முகத்தின்மேல் ஒரே ஒரு ஒளி விழ வேண்டும். அது பக்கவாட்டிலிருந்து, தலைக்குச் சற்று மேலிருந்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வந்தால் முகம் ஒளிப்பக்கம், நிழற்பக்கம் என்று தெளிவாகப் பிரியும். நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோண ஒளி மிஞ்சினால் அதை ரெம்ப்ராண்ட் ஒளி என்பர். தொடக்கப் பயிற்சிக்கு இதுவே எளிது. சன்னல் வெளிச்சத்தோடு அறையின் டியூப்லைட்டும் எரிந்தால் நிழலுக்குள் இன்னொரு நிழல் விழும். எதைத் தீட்டுவது என்று அனுபவசாலிக்கே குழப்பம் வரும். எனவே சன்னலா, விளக்கா என்று முதலில் முடிவு செய்து மற்றதை அணைக்க வேண்டும்.

வடக்குப் பார்த்த சன்னலே ஓவியருக்கு உகந்தது என்று ஐரோப்பிய நூல்கள் சொல்லும். அங்கே வடசன்னலில் நண்பகல் வெயில் நுழைவதே இல்லை. நம் நிலை வேறு. சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. கோடையில் வடசன்னலை நம்பி உட்கார்ந்தவருக்கு நிழல் மணிக்கு மணி இடம் மாறுவதன் காரணம் இதுதான். சன்னலில் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் நேர்வெயில் தணிந்து ஒளி சீராகும்.

ஒளிப்படத்தைப் பார்த்துத் தீட்டுவதில் தவறில்லை. தொடக்கநிலையினர் பெரும்பாலோருக்கு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார ஆள் கிடைப்பதில்லை. ஆனால் கைபேசியை முகத்தருகே நீட்டி எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது, அது முகத்திலுள்ள எல்லா நிழலையும் துடைத்துவிடுகிறது. ஒளிப்படத்தில் இருண்ட பகுதிகள் வெறும் கறுப்பாகவும் வெளிச்சப் பகுதிகள் வெறும் வெள்ளையாகவும் ஒடுங்கிவிடுவதால், வாரத்தில் ஒருமுறையாவது கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துத் தீட்டிப் பழகுவது நல்லது. கண்ணாடியில் இருப்பவர் காசு கேட்பதில்லை, அவசரப்படுவதும் இல்லை.

தளமும் கருவிகளும்

ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு பூசிய 30 × 40 செ.மீ. கேன்வாஸ் முதல் படங்களுக்குப் போதும். வளர்ந்தவரின் தலை உச்சியிலிருந்து தாடைவரை சுமார் 22 அல்லது 23 செ.மீ. இருக்கும்; படத்தில் தலை அதைவிடச் சற்றுச் சிறியதாக அமைய வேண்டும். இயல்பளவை மீறிய முகம் வீட்டுச் சுவரில் பூதாகரமாகத் தெரியும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாகத் தொடங்கக் கூடாது. வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் கருமையாகத் தோன்றும். அதனால் கை தானாக வெளுத்த நிறங்களைத் தேடும். மாநிற முகம் சாம்பல் பூசியதுபோல் ஆவதற்கு முதற்காரணம் இது. பர்ன்ட் அம்பர், ரா அம்பர் என்னும் பழுப்பு வண்ணங்களில் ஒன்றை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்துத் துணியால் தேய்த்து, கேன்வாஸை இளம் பழுப்பாக்கி ஒருநாள் காயவிட வேண்டும். அதன்மேல் வைக்கும்போது இருளும் ஒளியும் இரண்டுமே உடனே புலப்படும்.

தூரிகைகளில் பன்றிமயிரால் ஆன, நுனி வளைந்த தட்டைத் தூரிகைகள் பெரியது இரண்டு, நடுத்தரம் இரண்டு. மென்மயிர்த் தூரிகை ஒன்று போதும். கடைக்காரர் காட்டும் பூஜ்ய எண் நுண்தூரிகையை முதல் மூன்று மாதங்களுக்கு வாங்காமலிருப்பது நல்லது. கையில் இருந்தால் இமை முடியைத்தான் முதலில் போடத் தோன்றும்.

அக்ரிலிக் மலிவு, வாடையும் குறைவு. ஆனால் நம் ஊர்ச் சூட்டில், மின்விசிறிக்கடியில், இரண்டு டோன்களை இழைக்குமுன் அது காய்ந்துவிடுகிறது. தைலவண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவது. நாள் முழுதும் ஈரமாக இருந்து, தவறைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க இடம் தருகிறது. கற்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தலையைக் கேன்வாஸில் நிறுத்துதல்

முதலில் இரண்டே குறிகள்: தலையின் உச்சி எங்கே, தாடை எங்கே. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கூடுதல் இடம் விட வேண்டும். அடுத்து நெற்றி நடுவிலிருந்து மூக்கு வழியாகத் தாடைக்கு இறங்கும் நடுக்கோட்டின் சாய்வு. தலை சற்றே சாய்ந்திருப்பவரை நேராக நிமிர்த்திவிட்டால் பிறகு எவ்வளவு உழைத்தாலும் ஜாடை வராது.

பொதுவான அளவுகள் சில நினைவில் இருக்கட்டும். வளர்ந்தவரின் தலையில் கண்கள் உச்சிக்கும் தாடைக்கும் நட்டநடுவில் உள்ளன. தொடக்கநிலையினர் நெற்றியின் மேலுள்ள தலையை மறந்து கண்ணை ஏற்றி வைப்பது மிகப் பரவலான தவறு. மயிர்க்கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து தாடை ஆகிய மூன்றும் ஏறத்தாழச் சமம். நேர்முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம். இரு கண்களுக்கும் நடுவே ஒரு கண் அகலம் இடைவெளி. காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையே அமைகிறது. எந்த மனிதரும் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்குவதில்லை. எங்கே எவ்வளவு விலகுகிறார் என்று கண்டுபிடிக்கத்தான் கணக்கு. அந்த விலகலில்தான் அவர் இருக்கிறார்.

அளப்பதற்குத் தூரிகைக் காம்பே கருவி. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, காம்பின் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையே ஓர் அளவைப் பிடித்து மற்ற அளவுகளோடு ஒப்பிட வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு இங்கே அருமையாக உதவும்: அதை மாடலுக்கு நேரே தொங்கவிட்டால் கண்ணின் உள்முனைக்கு நேர்கீழே மூக்கின் எந்தப் பகுதி வருகிறது, வாயோரம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கோடுகள் நேர்கோடுகளாகவே இருக்கட்டும். நீர்த்த அம்பரில் தூரிகையாலேயே வரையலாம். பென்சிலில் வரைந்தால் அந்தக் கோட்டை இழக்க மனம் வராமல், அதன் உள்ளே நிறம் நிரப்பும் வேலையாகிவிடும்.

கட்டம் போட்டுப் பெரிதாக்கும் முறை தமிழர்களுக்குப் புதிதில்லை. சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் சிறிய ஸ்டில் படத்தில் கட்டம் போட்டு, ஆளுயரத்தைப் பலமடங்கு தாண்டும் முகங்களை அப்படித்தான் தட்டியில் ஏற்றினார்கள். இடம் தவறாமல் வைக்க அது உதவும். ஆனால் கட்டத்தை மட்டுமே நம்புகிறவருக்குக் கோணத்தைக் கண்ணால் எடைபோடும் பழக்கம் வளராது. ஒரு படம் கட்டத்தில், ஒரு படம் வெறுங்கண்ணில் என்று மாறிமாறிச் செய்வதே உகந்தது.

சரிபார்க்கக் கண்ணாடி வேண்டும். 1435-இல் ஓவியம் பற்றி நூல் எழுதிய இத்தாலியர் அல்பெர்ட்டியே கண்ணாடியை நல்ல நீதிபதி என்று பரிந்துரைத்திருக்கிறார். படத்தைக் கண்ணாடியில் பார்த்தால் பழகிப்போன கண்ணுக்கு மறைந்திருந்த கோணல் உடனே வெளிப்படும்.

நிழலின் வடிவம்

கண்களை இடுக்கிக்கொண்டு மாடலைப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, முகம் இரண்டு துண்டுகளாகப் பிரியும்: ஒளி, நிழல். இவை சந்திக்கும் எல்லையே உருவப்படத்தின் மிக முக்கியமான கோடு. நெற்றிப்பொட்டில் தொடங்கி, கன்ன எலும்பைச் சுற்றி, வாயோரத்தைக் கடந்து தாடையில் முடியும் அந்த எல்லையைச் சரியாக வைத்துவிட்டால் கண் வரையாமலேயே ஆள் தெரிவார். கண்குழி, மூக்கடி, கீழுதட்டின் அடி, தாடையடி என நிழல்கள் ஒன்றோடொன்று இணைந்தால் இணைந்தபடியே, ஒரே வடிவமாகத் தீட்ட வேண்டும்.

இதற்கு எளிய பயிற்சி துடைத்தெடுக்கும் முறை. கேன்வாஸ் முழுதும் ரா அம்பரை மெல்லப் பூசி, ஈரம் இருக்கும்போதே ஒளி விழும் இடங்களைப் பருத்தித் துணியால் துடைத்தெடுத்து, இருண்ட இடங்களில் மேலும் அம்பர் வைப்பது. வெள்ளை வண்ணமே தேவையில்லை. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் விரைவில் காயும். அடுத்த அமர்வில் அதன்மேலேயே நிறம் தீட்டலாம். பழைய இத்தாலியர்கள் பச்சை மண்ணால் தோலுக்கு அடிப்பூச்சு இட்டார்கள். மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட, மான்செஸ்டர் மடோனா எனப்படும் படத்தில் அந்தப் பச்சை இன்றும் அப்படியே தெரிகிறது. வாடிகனில் உள்ள லியனார்டோவின் முடிவுறாத புனித ஜெரோம் படத்தில் பழுப்பு அடிப்பூச்சைக் காணலாம். தொடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அறிய விரும்புவோர் முடிந்த படங்களைவிட இத்தகைய முடியாத படங்களையே முதலில் பார்க்க வேண்டும்.

நிழல் எவ்வளவு வெளிச்சமாகத் தோன்றினாலும் அதிலுள்ள மிக வெளுத்த இடம், ஒளிப்பகுதியின் மிக இருண்ட இடத்தைவிட இருண்டே இருக்கும். இந்த ஒரு விதியை மீறுவதால்தான் முகம் உருட்சி இழந்து தட்டையாகிறது.

தோலின் நிறம்

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நான்கு வண்ணத் தட்டு கற்பவருக்கு மிகவும் ஏற்றது: வெள்ளை, யெல்லோ ஓக்கர், பளிச்சென்ற ஒரு சிவப்பு, ஐவரி பிளாக். கறுப்பில் வெள்ளை கலந்தால் வரும் சாம்பல், சூடான நிறங்களுக்கு நடுவே நீலமாகவே தோன்றும். நம் முகங்களுக்கு இதனோடு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரின் நீலமும் சேர்த்தால் குறையே இல்லை. இந்த இரண்டையும் கலந்தால் கிடைக்கும் ஆழ்ந்த இருள், டியூபிலிருந்து வரும் வெறும் கறுப்பைவிட உயிரோடு இருக்கும்.

குழந்தைகளின் கிரேயான் பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு வெளுத்த ரோஜா நிறம் வெகுகாலம் இருந்தது. தைலவண்ணத்திலும் அப்படியொரு டியூப் விற்கிறது. தமிழ் முகத்தைத் தீட்ட அது உதவாது, வாங்க வேண்டாம். தோலுக்கென்று தனி நிறம் எதுவும் கிடையாது. ஒரே முகத்தில் நெற்றி சற்று மஞ்சளாகவும், கன்னம், மூக்கு, காது ஆகிய இரத்தம் மிகுந்த பகுதிகள் சிவப்பாகவும், மழித்த ஆணின் தாடை நீலச் சாம்பலாகவும் இருக்கும். வானொளியில் அமர்ந்தவருக்கு ஒளிப்பக்கம் குளிர்ந்தும் நிழற்பக்கம் சூடாகவும் தெரியும். மஞ்சள் பல்பின்கீழ் இது தலைகீழாகும்.

கருத்த தோலைத் தீட்டுவதில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி எந்த நிறத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். உள்ளிருந்து திரும்பும் ஒளியே வேறுபடுகிறது. ஆகவே கருத்த முகத்தில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் பளிச்சிடும் ஒளி மிகத் துலக்கமாக, சன்னல் வானத்தின் நீலத்தோடு நிற்கும். தோலின் சொந்த நிறத்தை அந்தப் பளிச்சிடலில் தேடக் கூடாது, அரைநிழலில் தேட வேண்டும். அங்கே சியன்னாவின் செம்மையும் ஓக்கரின் பொன்மையும் சில நேரம் ஊதாவும் நிறைந்திருக்கும். வெளிச்சமாக்க வெள்ளையை மட்டும் சேர்த்தால் சுண்ணாம்பு பூசியதுபோலாகும். வெள்ளையோடு ஓக்கரோ சிவப்போ சிறிது சேர வேண்டும். ஒருவர் முகத்தை இருப்பதைவிட வெளுப்பாகத் தீட்டிக் கொடுக்கும் வழக்கம் ஒளிப்பட ஸ்டுடியோக்களின் டச்சிங் காலத்திலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஜாடையைக் கொல்கிறது. அந்த மனிதருக்கும் நியாயம் செய்வதில்லை.

தீட்டத் தொடங்குமுன் பேலட் கத்தியால் ஒளிக்கு மூன்று, அரைநிழலுக்கு இரண்டு, நிழலுக்கு இரண்டு என ஏழு கலவைகளைத் தட்டில் வரிசையாகக் குழைத்து வைப்பது நல்ல பழக்கம். கலவையைக் கத்தி முனையில் எடுத்து மாடலின் முகத்துக்கு நேரே பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிழல் மெல்லிய பூச்சாகவும் ஒளி தடித்த பூச்சாகவும் இருக்கட்டும். படலமாகத் தீட்டுவோர் அடிப்படலத்தில் டர்பென்டைன் மிகுத்தும் மேற்படலங்களில் ஆளிவிதை எண்ணெய் மிகுத்தும் போக வேண்டும். மாற்றிச் செய்தால் மெல்லக் காயும் அடிப்படலத்தின்மேல் விரைந்து காய்ந்த மேற்படலம் பின்னாளில் வெடிக்கும்.

கண், மூக்கு, வாய்

இவை கடைசியில் வருபவை. கண்ணைத் தீட்டுமுன் கண்குழியின் நிழலும், அதற்குள் விழியின் உருண்டையும் வந்துவிட்டிருக்க வேண்டும். கண்வெள்ளை வெள்ளையல்ல; மேலிமையின் நிழல் விழுந்த மங்கிய சாம்பல். கருத்த முகத்தில் அதை வெளுப்பாக்கத் தூண்டும் ஆசையை அடக்காவிட்டால் பார்வை மிரண்டதாகிவிடும். மூக்குக்குச் சுற்றுக்கோடு இல்லை, முதுகு, பக்கங்கள், அடி என்று தளங்களே உண்டு. மேலிருந்து ஒளி விழும்போது மேலுதடு இருண்டும் கீழுதடு வெளிச்சமாகவும் இருக்கும். முகபாவத்தை முடிவு செய்வது வாயோரத்து நிழல். மூக்குத்தி ஓர் இருண்ட புள்ளியும் அதன்மேல் ஒரு பளிச்சிடலும் மட்டுமே. பொட்டு நெற்றியின் வளைவுக்கேற்ப நீள்வட்டமாகும்.

எல்லா ஓரங்களும் ஒரே கூர்மையில் இருந்தால் முகம் அட்டையில் வெட்டி ஒட்டியதாகத் தெரியும். முடி நெற்றியைச் சந்திக்கும் இடம், நிழற்பக்கக் கன்னம் பின்னணியில் கரையும் இடம் ஆகியவற்றை உலர்ந்த தூரிகையால் மெல்ல இழைத்துவிட வேண்டும். ஒளிப்பக்கக் கண்ணருகே மட்டும் கூர்மை இருந்தால் போதும். பார்வை தானாக அங்கே செல்லும்.

பாதுகாப்பு

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் இட வேண்டும். டர்பென்டைனைக் காற்றோட்டமுள்ள அறையில் மட்டுமே பயன்படுத்தலாம். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் ஆபத்தானது. கேட்மியம் முதலிய வண்ணங்கள் நஞ்சு. படம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும் உள்ளே காயப் பல மாதங்கள் ஆகும். ஆறு மாதத்துக்குமுன் வார்னிஷ் இடக் கூடாது.

பயிற்சி

தொடக்கத்தில் ஒரு படத்தை மாதக்கணக்கில் இழைப்பதைவிட, ஒரே அமர்வில் நிழல் வடிவம்வரை மட்டும் தீட்டி நிறுத்திய பத்துத் தலைகள் அதிகம் கற்றுத்தரும். அவற்றில் கண்ணும் வாயும் முடிந்திருக்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது ஆள் தெரிகிறாரா என்பதே கேள்வி. நல்ல படங்களை நேரில் பார்ப்பதும் பயிற்சியின் பகுதி. ரவி வர்மாவின் ஓவியங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத் தொகுப்பிலும், திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலும் உள்ளன. செல்பவர்கள் முகத்தின் நிழற்பக்கத்தருகே நின்று, அங்கே வண்ணம் எவ்வளவு மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அச்சிலும் திரையிலும் அது தெரியாது.